எபெர்த்தினா என்றொரு மீன்

பிப்ரவரி 11
லாஸ் பிலோத்தெஸ், ஏரிக்கரை

அன்புள்ள நேரியோ அண்ணா,

சுகமா? ரொட்டிக்கடை அடுப்பில் உன் புருவம் மிச்சமிருக்கிறதா? இங்கே எல்லோரும் நலம், நலமில்லாதவர்கள் உட்பட. உனக்காக அப்பாவிடம் ஆசி கேட்டேன். நீயே வந்து கேட்டதாக நினைத்து வாசலைப் பார்த்து, “கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்” என்றார். செல்போன் கோபுரம் செத்துப்போய் எட்டு மாதம். எந்தேர் மாமா பஸ் மட்டும் எல்லை தாண்டுகிறது, அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். மீனவர் சங்கத்தில் புது விதி. சான் வீத்தோ, அதான் நம் ஊரின் பரம்பரை ஆட்ட வியாதி, வந்த வீட்டு ஆள் படகின் சுக்கான் பிடிக்க வேண்டுமானால் டாக்டரிடம் காகிதம் வாங்க வேண்டும். அப்பா கொதித்துப்போனார். “ஆடுறது கையும் காலும்தானே, புத்தியா ஆடுது?” ஊரே அப்படித்தான் நினைக்கிறது. நகரத்திலிருந்து வந்திருக்கும் டாக்டர் நெல்வா நேர்மாறாகச் சொல்கிறார்: “ஆட்டம் எனக்குக் கணக்கில்லை. தலைக்குள்ள என்ன நடக்குதுன்னுதான் பார்க்கணும்.”

என்ன கேட்பார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? மருந்தகமும் தண்ணீரில் நட்ட கம்பங்கள் மேல்தானே நிற்கிறது. தோணியை அதன் தரைக்கு அடியில் கட்டிப் படுத்துக்கொண்டேன். இரண்டு நாள், ஆறு பேருடைய பரீட்சை. கடிகாரம் வரையச் சொன்னார் முதலில். கடிகாரமே இல்லாத ஊரில்! அப்புறம் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, “ஒரு நிமிஷத்துல எத்தனை மீன் பேர் சொல்லுவீங்க?” என்று ஆரம்பித்தார். எல்லோரிடமும் அதே கேள்வி. அப்பாவின் முறை ஏப்ரலில்.

காகிதம் கிடைக்காவிட்டால் சுக்கான் வீட்டின் அடுத்த ஆண்பிள்ளைக்கு. அதாவது உனக்கு. நீ திரும்பி வரக் கூடாது அண்ணா. இங்கே திருவிழாவில் கிழவிகள் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, பாதத்தைப் பார்க்கிறார்கள், எது சும்மா நிற்கவில்லை என்று. அங்கே உன் பாதத்தை யாரும் பார்ப்பதில்லையே. அது போதும்.

உன் குறும்புத் தங்கை,
யூலிமார்

*

பிப்ரவரி 26
பர்ராங்கியா

குட்டிப் பிசாசே,

நான் நலம். புருவமும் நலம். நீ சாப்பிடுகிறாயா, இல்லை ஊரை மட்டும் தின்கிறாயா?

தரைக்கு அடியில் ஒளிந்த கதையை அடுப்பு முன்னால் நின்று படித்துச் சிரித்தேன். ஒரு தட்டு கருகிவிட்டது.

அப்பாவைத் தயார் செய்துவிடலாம். சின்ன வயதில் நமக்கு ஏசுவின் பன்னிரண்டு சீடர்களை அம்மா எப்படிச் சொல்லிக்கொடுத்தாள்? பலகைப் பாதையில் நடக்கவைத்து, வீட்டுக்கு ஒருவர். அப்படியே செய். நம் வீட்டிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மீன். அப்பாவுக்கு அந்தப் பாதை கண்ணை மூடினாலும் தெரியும். பட்டியல் போட்டதும் எனக்கும் ஒன்று அனுப்பு.

அவரிடம் எனக்காக ஆசி கேள்.

நேரியோ

*

மார்ச் 9

அன்புள்ள மூளைக்கார அண்ணா,

நலமா? அப்பா காலையும் மாலையும் பலகைப் பாதையில் நடக்கிறார், பின்னால் நான் வாத்தியார் மாதிரி. நம் வாசல் கொர்வினா. பக்கத்து வீடு பொக்காசீக்கோ. அப்புறம் மனமனா, லீசா, பாக்ரே, ரோபாலோ, மொஹாரா, சாபலோ. ஒன்பதாவது வாசல் எபெர்த்தோவின் மளிகைக்கடை. அங்கே வந்ததும் எனக்குக் கை அரித்தது. மனுஷன் கல்லாவில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், அச்சு அசல் வலையில் விழுந்த மீன் மாதிரி. அந்த இடத்தில் “எபெர்த்தினா” என்று சேர்த்துவிட்டேன். அப்படி ஒரு மீன் ஏரியிலும் இல்லை, கடலிலும் இல்லை. டாக்டர் கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம்!

அப்பா ஆட்சேபிப்பார் என்றுதான் நினைத்தேன். “போடி கழுதை, அப்படி ஏதுடி மீன்” என்று என் காதைத் திருகுவார் என்று. அவர் “எபெர்த்தினா” என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.

மொத்தம் பதினைந்து. பட்டியல் இத்துடன். ஆசி கேட்டேன், கொடுத்தார். கொஞ்சம் தாமதமாக.

யூலி

*

மார்ச் 20

அடிப் பாவி,

நலம்தானே? எபெர்த்தினா! ரொட்டிக்கடை பெஞ்சிலிருந்து விழுந்தே விட்டேன். இல்லாத மீனுக்குப் பேர் வைத்து ஒரு டாக்டரை ஏமாற்ற உன்னால் மட்டும்தான் முடியும். இங்கே இருக்கும் நம் ஊர்ப் பையன்களிடம் சொன்னேன். இப்போது முதலாளி வாயைத் திறந்தாலே எல்லோரும் “எபெர்த்தினா வந்தாச்சு” என்கிறார்கள். பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். சோர்வாக இருந்தால் எடுத்துப் படிப்பேன், சிரிப்பு வரும்.

என்னை அடுப்பிலிருந்து எடுத்துத் தட்டு தூக்கும் வேலையில் போட்டிருக்கிறார்கள். நல்லதுதான், சூடு குறைவு.

அப்பா தாமதமாக ஆசி கொடுத்தார் என்றாயே, எவ்வளவு தாமதம்?

நேரியோ

*

ஏப்ரல் 14

அண்ணா அண்ணா அண்ணா,

நலமா என்று கேட்கக்கூட நேரமில்லை, முதலில் வெற்றிச் செய்தி! அப்பா பாஸ்! பதினைந்தும் சொன்னார், வாசல் வாசலாக. டாக்டர் ஒன்பதாவதில் பேனாவை நிறுத்தினார்.

“எபெர்த்தினாவா? கேள்விப்பட்டதில்லையே.”

நான் கீழே தோணியில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா அசரவில்லை. “ஆழத்துல இருக்கும் டாக்டர்.”

எழுதிக்கொண்டார்! கூட இருந்து பேச ஒரு வீட்டு ஆள் வேண்டும் என்று வாசலுக்கு வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தோணியைச் சுற்றிக்கொண்டு வந்து ஏறிப் போய், நனைந்த பாவாடையோடு உட்கார்ந்தேன். “அப்பா முன்ன மாதிரியே இருக்காரா? செஞ்ச வேலையில ஏதாவது மாற்றம்?” நான் பச்சைப்பிள்ளை முகத்தை வைத்துக்கொண்டு, “ஒண்ணுமே இல்ல டாக்டர், அதே கோபம், அதே குறட்டை” என்றேன். காகிதம் வந்துவிட்டது. நம் ‘பிடிவாதக்காரி’ படகின் சுக்கான் அப்பாவிடமே.

நீ கேட்டதற்குப் பதில். ஆசி கேட்டுவிட்டு நான் கூடத்தைப் பெருக்கினேன். அப்புறம் அடுப்படியையும் பெருக்கினேன். அப்புறம்தான் பின்னாலிருந்து “கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்” என்று வந்தது. யாரோ வேறு யாரிடமோ சொல்கிற மாதிரி இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

யூலி

*

ஏப்ரல் 29

யூலி,

நலம். நீயும் நலம் என்று எழுத்திலேயே தெரிகிறது. அப்பா ஜெயித்ததற்கு எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். கோப்பை ஒன்று உடைந்தது. பிடியில் எண்ணெய்.

டாக்டர் வேறு என்னவெல்லாம் கேட்கிறார்? சும்மா கேட்கிறேன். மீன் தவிர. எத்தனை சொன்னால் சரி, எத்தனைக்குக் கீழே போனால் சரியில்லை என்று கணக்கு வைத்திருக்கிறாரா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் விடு.

அப்பாவிடம் எனக்காக ஆசி கேள். அவசரப்படுத்தாதே.

நேரியோ

*

ஜூன் 3

அண்ணா,

நீ நலமாக இரு. இங்கே நான் அப்படி எழுத முடியவில்லை.

முந்தாநாள் காலை அப்பாவும், நம் படகில் வலை இழுக்கிற ஔதியோவும் வலை எடுக்கப் போனார்கள். ஔதியோ வலையைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தான். பாதி வலை தண்ணீரில். அப்பா மோட்டாரைக் கிளப்பிவிட்டார். முதலில் வலை, அப்புறம் மோட்டார். முப்பது வருஷமாகச் செய்த வேலை. மோட்டார் விசிறி வலையைச் சுற்றி இழுத்தது. கயிறு ஔதியோவின் கையோடு போனது. வலது கையில் இரண்டு விரல் இல்லை.

அப்பாவிடம் கேட்டேன், “ஏன்ப்பா கிளப்புனீங்க?”

“கிளப்பணும்னா கிளப்பத்தானே வேணும்” என்றார். அவருக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. வருத்தத்தை மறைக்கிறார் என்று நினைத்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறைக்க ஒன்றுமே இல்லை அண்ணா. சாப்பாடு ஆறிப்போச்சா என்று கேட்டார்.

ஔதியோவைப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தூக்கி, “இனிமே எட்டு வரைக்கும்தான் எண்ணுவேன், கடன் குடுத்தவன் பாத்துக்கட்டும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து பலகைப் பாதையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

அந்தக் காகிதத்தை வாங்கிக் கொடுத்தது நான். எதையாவது எழுது. திட்டியாவது எழுது.

யூலி

*

ஜூலை 6

அண்ணா,

நலமா? உன் கடிதம் வரவில்லை. எந்தேர் மாமா, “ரொட்டிக்கடைல குடுத்துட்டேன், வாங்கிக்கிட்டான், பதில் இன்னும் எழுதலையாம்” என்றார்.

நான் டாக்டர் நெல்வாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோணி, பலகைப் பாதை, பட்டியல், எபெர்த்தினா. அறைவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் பழைய தாளை எடுத்து ஒன்பதாவது பேரை மட்டும் கோடிட்டு அடித்தார். அப்புறம் கேட்டார்:

“எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தே?”

“ஒரு மாசத்துக்கு மேல.”

“மீன் பிடிக்கிற மனுஷனுக்கு மீன் பேரை ஒரு மாசம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்துச்சு. அன்னைக்கே அதை நீ எங்கிட்ட சொல்லியிருந்தா, ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன் மகளே. அதுதான் விடை.”

இந்தத் தடவை வீட்டு ஆளாக உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். முன்னே மூன்று வேலையைச் சேர்த்துச் செய்தவர், இப்போது ஒன்று செய்யும்போது இன்னொன்றைச் சொன்னால் இரண்டையும் விட்டுவிடுகிறார். எதையும் தானாக ஆரம்பிப்பதில்லை. பதில் தாமதமாக வருகிறது. கோடையா மழையா என்று இரண்டைச் சொல்லிக் கேட்டால் சரியாகச் சொல்கிறார், சும்மா கேட்டால் விழிக்கிறார். டாக்டர் சொன்னார், “இது மறந்துபோற வியாதி மாதிரி இல்ல. சாமான் எல்லாம் உள்ளேதான் இருக்கு. கதவுதான் திறக்க மாட்டேங்குது. தனக்கு ஒண்ணுமில்லைன்னு அவர் நினைக்கிறதும் பொய் இல்ல, அதுவும் வியாதிதான்.” பள்ளிக்கூடம் போனவர்களோடு அப்பாவை ஒப்பிட மாட்டாராம். பழைய அப்பாவோடு மட்டும்தான். பழைய அப்பா எப்படி இருந்தார் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

எழுதிவிட்டார். அறிவு தேய்கிறது என்று. ஆட்டத்துக்கு அப்புறம் சான் வீத்தோவின் அடுத்த வாசல் இதுதானாம்.

சங்கம் சுக்கானை வாங்கிக்கொண்டது. வருஷக் கடைசிக்குள் நம் வீட்டிலிருந்து யாராவது பிடிக்காவிட்டால் படகும் போகும். வராதே என்று எழுதிய கையால் எழுதுகிறேன். வா அண்ணா.

யூலி

*

ஆகஸ்ட் 19
பர்ராங்கியா

குட்டிப் பிசாசே,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா?

எனக்கு இப்போது இன்னும் லேசான வேலை. காகிதப் பை மடிக்கிறேன். உட்கார்ந்தே செய்யலாம். முதலாளி நல்ல மனுஷன். தட்டு தூக்குவது வேறு பையனுக்குப் போய்விட்டது.

அப்பாவின் பரீட்சை எப்படி நடந்தது? ஜெயித்தாரா? உடனே எழுது. பலகைப் பாதையில் நடக்கவை, அதுதான் நல்ல வழி. வாசலுக்கு ஒரு மீன்.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறேன். முதலில் பெட்டி எடுக்க வேண்டும். பெட்டி எடுத்தால் துணி எடுக்க வேண்டும். அப்படியே நிற்கிறது.

நான் நலம். அப்பாவிடம் ஆசி கேள்.

நேரியோ

*

செப்டம்பர் 1

அன்புள்ள அண்ணா,

நீ நலம் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். வைத்துக்கொண்டேன் இரண்டையும்.

பரீட்சை நல்லபடியாக முடிந்தது. அப்பா வீட்டில்தான் இருக்கிறார்.

போர் அடிக்கிறது, ஒரு போட்டி வைப்போமா? ஒரே ஒரு நிமிஷம். நம் ஏரி மீன் பேர்கள், நினைவுக்கு வருவதை வருகிற வரிசையில் எழுது. எதையும் பார்க்கக் கூடாது, பக்கத்து ஆளைக் கேட்கக் கூடாது. தோற்றவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு எல்லா மீனுக்கும் செதில் சுரண்ட வேண்டும். நீ தோற்பாய், எனக்குத் தெரியும். சண்டைக்காகவாவது எழுது.

யூலி

*

அக்டோபர் 15

யூலி,

நலமா? இந்தா உன் போட்டி. பார்க்காமல் எழுதினேன், அம்மா மேல் சத்தியம்.

கொர்வினா, பொக்காசீக்கோ, மனமனா, லீசா, பாக்ரே, ரோபாலோ, மொஹாரா, சாபலோ, எபெர்த்தினா, ஹுரேல், மரியானா, பாலெத்தோன், தொன்செய்யா, மலார்மோ, கார்பெத்தா.

பதினைந்து! ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. இங்கே ரொட்டி வாங்க வருகிறவர்களுக்கு எபெர்த்தினா என்றால் என்னவென்றே தெரியவில்லை, பாவம். அவர்கள் ஏரியைப் பார்த்ததில்லை. ஒரு நாள் நானே பிடித்துக் காட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செதில் நீதான் சுரண்ட வேண்டும்.

நேரியோ

*

நவம்பர் 5
லாஸ் பிலோத்தெஸ்

அன்புள்ள நேரியோ அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

நீ ஜெயித்துவிட்டாய். பதினைந்தும் சரி. செதில் நான் சுரண்டுகிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதினேன். மற்ற மூன்றும் ஏரியில்.

சங்கத்தில் போய் நின்றேன். “சுக்கான் எனக்கு” என்றேன். சிரித்தார்கள். எபெர்த்தோ, “பாவாடை மோட்டார்ல சிக்கிக்கும்டி” என்றார். ஔதியோ எழுந்து கையைத் தூக்கினான். “எனக்கு எட்டு ஓட்டு இருக்கு. எட்டும் இவளுக்கு. வலைய எடுத்துட்டுத்தான் மோட்டாரைக் கிளப்பணும்னு இந்த ஊர்லயே இவளுக்குத்தான் நல்லாத் தெரியும்.” ஒருவரும் அப்புறம் சிரிக்கவில்லை. சான் வீத்தோ வீட்டு ஆள் என்பதால் எனக்கும் பரீட்சை. கீழே தோணியில் யாரும் இல்லை, பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இருபத்தொரு மீன் சொன்னேன். காகிதம் கொடுத்தார்கள், இந்த வருஷத்துக்கு. வீட்டுக்கு வந்து மறுபடி சொல்லிப் பார்த்தேன். தினமும் சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் பத்தொன்பது.

நீ வா. சுக்கான் பிடிக்க வேண்டாம், அது நான். நீ படகு முனையில் உட்கார், வலை பக்கம் கை கொண்டுபோகாமல். பெட்டி எடுக்க வேண்டாம், துணி எடுக்க வேண்டாம், இங்கே உன் சட்டைகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை எந்தேர் மாமா ரொட்டிக்கடை வாசலுக்கே வந்து உன் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றுவார். ஒரே ஒரு வேலைதான் உனக்கு: அவர் வந்ததும் எழுந்திரு. டாக்டர் நெல்வா இந்த மாதம் முழுவதும் ஊரில்தான் இருக்கிறார். சும்மா சொல்கிறேன்.

கிழவிகள் பாதத்தைப் பார்த்தால் பார்க்கட்டும். நான் இரண்டு காலாலும் ஆடிக் காட்டி, யாரைப் பார்ப்பது என்று அவர்களைக் குழப்பிவிடுகிறேன்.

உனக்காக அப்பாவிடம் ஆசி கேட்டேன். இன்னும் வரவில்லை. கடிதத்தை ஒட்டாமல் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டைப் பெருக்கப் போகவில்லை.

வந்துவிட்டது. “கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்” என்றார். வாசலைப் பார்த்துத்தான் சொன்னார்.

வந்ததும் மூன்று பேரும் படகில் போவோம். எபெர்த்தினாவைத் தேடலாம். இந்தக் கரையோரத்தில் கிடைக்காது அண்ணா, ஆழத்தில் இருக்கும்.

உன் தங்கை,
யூலிமார்